மொரிஸ் மைனர் எத்தனை சீ.சீ.?

செட்டிபாளையம்.

அன்பு மகள் அஜந்தா அறிவது,

இங்கே நானும் அம்மாவும் கண்ணகை அம்மன் காவலில் சுகம், நீயும் மருமகனும் சின்னவளும் அந்தச் சுவிஸ் குளிரில் நோய் நொடியில்லாமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் நேர்த்தி. கிழமைக்கு நாலு தடவை போனில் கதைக்கிறவர் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று யோசிப்பாய். போனை அம்மா ஸ்பீக்கரில் போட்டுவிட்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருப்பாள், இதை அவள் காதுபடச் சொல்ல ஏலாது, அதுதான். வாவித் தண்ணீர் வளவுக்குள் ஏறி இப்போது வடிந்துவிட்டது, என் முழங்கால் வலி வடியவில்லை, அதை விடு.

காத்தான்குடி றம்ஸீனைத் தெரியும்தானே, என்னோடு ஹயருக்குக் கார் ஓடிய உசனாரின் மகன், இப்போது ஸ்பெயார் பார்ட்ஸ் கடை வைத்திருக்கிறான். பழைய கார்ப் பைத்தியங்களுக்கென்று பேஸ்புக்கில் ஒரு குழு நடத்துகிறான். வெள்ளிக்கிழமை கடை பூட்டு, அன்றைக்கு ஒரு கேள்வி போடுவான், எந்தக் கார் எந்த ஆண்டு வந்தது, என்ஜின் என்ன வலு என்று. கனடா, லண்டன், டோகா எங்கிருந்தெல்லாமோ பதில் வரும். கேள்வி தேடிக் கொடுப்பதில் நானும் கூட்டு, எனக்கும் பொழுது போக வேண்டாமா. போன மாதம், மொரிஸ் மைனர் ஆயிரத்தின் கடைசி மொடல் எத்தனை சீ.சீ. என்று போட்டோம். விசயம் தெரிந்தவர்கள் 1098 என்றார்கள், அரைகுறைகள் முந்தின மொடலை நினைத்து 948 என்றார்கள். ஒரே ஒரு ஆள் மட்டும் 1171 என்று எழுதியிருந்தது. படமில்லை, பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு புள்ளி. றம்ஸீன் பிழை என்று போட்டான். எங்கட வீட்டு மொரிஸ் 1171தான் என்று திரும்பவும் வந்தது.

மகள், அது டட்சன் என்ஜினின் கணக்கு. நம் காரின் என்ஜின் வெடிப்பு விட்டபோது நான் ஏறாவூரில் வாங்கிப் பூட்டியது டட்சன். கல்முனை போகும் வழியெல்லாம் நம்மட கார் எத்தனை சீ.சீ. என்று உன் அண்ணனிடம் கேட்டுக் கேட்டு, உலகத்து மொரிஸ் எல்லாம் 1171 என்றே உதயனின் மண்டையில் ஏறிவிட்டது. பள்ளிக்கூடத்தில் பந்தயம் கட்டித் தோற்று வந்து என்னோடு சண்டை பிடித்தவன். டட்சன் பூட்டிய மொரிஸ் நாட்டில் எத்தனையோ ஓடியது என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன், ஆனால் என் வாய் சும்மா கிடக்குமா, அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து வீடு வீடாக இல்லை. யுத்த காலத்தில் பதினேழு வயதில் சந்தைக்கென்று போய் வராமல் போன பிள்ளையின் சாரன்களெல்லாம் துவைத்துக் கொடியில் காய்கிறது. வாசல் படலையை இரவிலும் கொளுவ விடுகிறாள் இல்லை. ஒரு மத்தியானம் கொட்டிலுக்குப் போனால் காரின் பொனற் திறந்து தடி முட்டுக் கொடுத்திருக்கிறது, உதயன் வைக்கிற மாதிரியே. பார்த்தால் உன் அம்மா தலையை உள்ளே விட்டு 1171 எங்கே எழுதியிருக்கிறது என்று தேடுகிறாள்.

இதற்கொரு முடிவு கட்டுவோம் என்று நானே ஒரு கேள்வி கொடுத்தேன். செட்டிபாளையத்து மொரிஸ் ஒன்றில் சாரதி சீற்றின் ஸ்பிரிங் போன பிறகு உள்ளே என்ன வைத்துத் தைத்திருந்தது என்று. மாமா, இதெல்லாம் ஒரு கேள்வியா, ஆருக்குத் தெரியும் எண்டு றம்ஸீன் சிரித்தான். விசயத்தைச் சொன்னதும் உடனே போட்டுவிட்டான். சனங்கள் பகிடிக்குத் தும்பு, வைக்கோல், பழைய சேலை என்றெல்லாம் எழுதினார்கள். பிறகு அந்தப் புள்ளி வந்தது. அம்மாவின் தலையணை என்று எழுதியிருந்தது.

அம்மா போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள். என்ட புள்ள இரிக்கான், நான் சொன்னனா இல்லியா எண்டு அதையே சொன்னாள். மரணச் சான்றிதழ் தருகிறோம் என்று வந்தவர்களை நான் துரத்தினது சரிதானே என்று கேட்டாள், நான் ஓம் என்றேன். றம்ஸீன் எத்தனையோ தரம் ஆர் நீங்க எண்டு எழுதிக் கேட்டான், பதில் இல்லை.

கூலிக்கு ஏறியவர்களுக்கு அந்தத் தலையணை தெரியாது. அதை அம்மாவின் தலையணை என்று எழுதக்கூடியவர்கள் உலகத்தில் எங்களைத் தவிர இரண்டே பேர். முன் சீற்றில் இருந்து என் கேள்விக்குப் பதில் சொன்னவன் ஒருவன், பின் சீற்றில் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு வந்தவள் ஒருத்தி. அம்மாவுக்கு இரண்டாவது ஆள் நினைவில் வரவேயில்லை. எனக்கு அன்றைக்கே வந்துவிட்டது, எவ்வளவு தள்ளினாலும் போகிறதில்லை. உன்மேல் எனக்குக் கோபமில்லை மகள், அவன் உனக்கும் அண்ணன்தானே. நேற்று அம்மா இரண்டு வேளையும் ஒழுங்காகச் சாப்பிட்டாள், கார்புரேட்டர் என்றால் என்ன என்று என்னிடம் கேட்டுப் படிக்கிறாள், அடுத்த கேள்வி அவளுக்கும் விளங்க வேண்டுமாம்.

சின்னவளுக்கு என் முத்தம், மருமகனை ஐஸில் காரை மெதுவாக ஓட்டச் சொல், மூன்று பேரையும் அம்மன் காக்க. ஒன்று மட்டும் மறக்காதே. அது நீயென்றாலும் எனக்குச் சொல்லாதே, நீயில்லையென்றாலும் சொல்லாதே. நீயென்றால், வெள்ளிக்கிழமைப் பதிலை மட்டும் நிறுத்திவிடாதே.

இப்படிக்கு,
உன் அப்பா
தங்கராசா