பாவடி போன பங்குனி

பங்குனி 3. ஞாயிறு. காற்றே இல்லை.

இன்று பாவடி வேப்பமரத்தடியில் இருந்தவர்கள்: ஊர்ப் பெரியதனக்காரர் கந்தப்பர். என் தம்பி அர்த்தநாரி. மகன் சின்னுசாமி. பேரன் மாரிமுத்து. தாலுகா ஆபீசிலிருந்து வந்த தொப்பிக்காரர், பெயர் சொல்லவில்லை. நானும் பக்கத்து வீட்டு நல்லம்மாளும், மரத்து நிழலுக்கு வெளியே. மற்றத் தறிக்காரர்கள் நின்றார்கள். வாயைத் திறக்கவில்லை, அதனால் இங்கே எழுதவில்லை. யார் யார் என்று எனக்குத் தெரியும்.

விஷயம்: பாவடியைப் பட்டாளத்து லாரிகளுக்குக் கொடுத்தாயிற்று. யுத்தம் முடியும் வரைக்கும் என்று பேச்சு. எங்களைக் கேட்பதற்குக் கூட்டவில்லை, சொல்வதற்குக் கூட்டினார்கள். கந்தப்பர் முன்னமே கையெழுத்துப் போட்டுவிட்டார்.

நான் கேட்டேன். “ஏனுங்க, காத்தால பாவு நூலை எங்க நீட்டறது? பொழுது சாஞ்சா பசங்க பந்து எங்க ஆடறது?”

“பாவைத் தெருவுல நீட்டுங்க ஆத்தா,” என்றார் கந்தப்பர். “ பந்தை ஏரிக்குள்ள ஆடச் சொல்லுங்க. தண்ணியா நிக்குது?”

சிரித்தார்கள். அர்த்தநாரியும் சிரித்தான். பார்த்தேன்.

நான் இந்த ஊருக்கு மருமகளாக வருவதற்கு முன்னாலிருந்தே பாவடி இருக்கிறது. காலையில் ஊர் நூலெல்லாம் அங்கேதான் நீளும், கஞ்சி குடிக்கும், காயும். வெயில் தாழ்ந்ததும் பாவு கட்டின முளைக்குச்சிகளைப் பிடுங்கிவிட்டுப் பந்து. டீமுக்குப் பெயரே பாவடி டீம். ஆரம்பித்தவன் என் தம்பி. முதல் கோடு போட்டது நான் சுவருக்கு வாங்கி வைத்த சுண்ணாம்பில். அதைத் திருப்பித் தரவில்லை.

கந்தப்பரின் அப்பாவும் இப்படித்தான். பூலாம்பட்டிக்காரர்களோடு ஆடியபோது பந்து அவர் வண்டிக் குடையில் பட்டது என்று மடியில் வைத்துக்கொண்டு தரமாட்டேன் என்றார். ஆட்டம் பாதியில் நின்றது. அவர் செத்து இத்தனை வருஷமாகியும் எனக்கு அந்த மடி ஞாபகம் இருக்கிறது.

உப்பு தீர்ந்தது. வாங்க வேண்டும்.

பங்குனி 6. புதன்.

லாரிகள் வந்துவிட்டன. முளைக்குச்சிகளைப் பிடுங்கி ஓரத்தில் விறகு மாதிரி குவித்திருக்கிறார்கள். கோல்கம்பங்களும் அதிலேயே. மாரிமுத்து போய்க் கேட்டு எடுத்துவந்தான். ஒரு பட்டாளத்துக்காரன் தூக்கக்கூட உதவினானாம். திட்டியிருந்தால் நானும் திட்டியிருப்பேன். இப்போது அதற்கும் வழியில்லை.

தெருவில் பாவு நீட்டியாயிற்று. கந்தப்பர் வீட்டு ஆடு நடுவில் புகுந்து போனது. அறுந்த இழைகளைச் சின்னுசாமி இருட்டும் வரை முடிந்தான். நூலே கிடைக்காத காலம். ஆட்டுக்கு ஒன்றும் தெரியாது. ஆட்டுக்காரருக்குத் தெரியும்.

மத்தியானம் அர்த்தநாரி வந்து வாசலில் நின்றான். முகம் சரியில்லை.

“மேட்டூர்க்காரங்களோட ஷீல்டு ஆட்டம் இந்த மாசக் கடைசியில அக்கா. நம்ம ஊர்ல. விசில் ஊதற ரெப்ரி வந்து தரையைப் பாப்பாராம். சரியில்லீன்னா மீதி ஆட்டம் பூரா மேட்டூர்ல போயி ஆடோணுமாம்.”

“நம்ம ஊர் ஆட்டமுமா?”

“நம்ம ஊர் ஆட்டமுந்தான். மேட்டூர்ல வெச்சு நம்ம ஊர் ஆட்டம்.”

“அப்படின்னா அது எப்படிறா நம்ம ஊர் ஆட்டம்?”

மோர் குடித்துவிட்டுப் போனான்.

மேட்டூருக்குப் போக ஒரு நாள், வர ஒரு நாள். தறி நின்றால் அடுப்பு நிற்கும். எவனும் போகமாட்டான். போகாவிட்டால் ஷீல்டு ஆட்டத்திலிருந்து பெயரை அடித்துவிடுவார்கள். ஏரி சரியில்லை என்றால் டீம் கிடையாது. சுற்றி வளைக்க ஒன்றுமில்லை.

பங்குனி 11. திங்கள். வெயில்.

நானும் நல்லம்மாளும் ஏரியைப் பார்த்துவிட்டு வந்தோம். சாணி பொறுக்கப் போவதாகச் சொல்லிப் போனோம். கொஞ்சம் பொறுக்கவும் செய்தோம்.

கவலைகள்:
கரம்பை மண், கால் போகும் அளவுக்கு வெடிப்பு.
வெடிப்பு இல்லாத இடத்தில் புழுதி, முழங்கால் வரை.
மதகுப் பக்கம் சரிவு. பந்து தானாக உருளும்.
நிழல் ஒரு கை அகலம்கூட இல்லை.
கோடை மழை.
மேட்டூர்க்காரர்களுக்கு பூட்ஸ். நம் பிள்ளைகளுக்குக் கால்.

பாவடியில் வேப்பவேர் எங்கே துருத்தும், பந்து எங்கே எகிறும் என்று நம் பிள்ளைகளின் பாதத்துக்குத் தெரியும். வந்தவன்தான் தடுக்கி விழுவான். இங்கே எல்லாரும் வந்தவர்கள்தான்.

இன்னொன்று. நல்லம்மாள்தான் சொன்னாள். பாவடியில் நாங்கள் எங்கள் வாசலில் உட்கார்ந்து ராட்டையில் நூலைத் தாராகச் சுற்றிக்கொண்டே ஆட்டம் பார்த்தோம். ஆட்டம் பார்க்கப் போனாள் என்று ஒருத்தியையும் சொல்ல முடியாது. அவள் வாசலில் அவள் இருந்தாள். ஏரிக்குப் போனால், போனதுதான்.

“நானெல்லாம் வரமாட்டனுக்கா. ஊட்டுக்காரரு காலை ஒடிச்சுப்போடுவாரு.”

“ஒடிக்கட்டும். உன்ற காலை வெச்சா ஆடப் போறாங்க?”

சிரித்தாள். ஆனாலும் வரமாட்டாள். என் அம்மிக்குழவியை வாங்கிப் போய் ஆடி முழுக்க வைத்திருந்தவள்தான். ஆனாலும் ஆட்டம் தெரிந்தவள். அவள் இல்லாமல் யாரோடு பேசுவது.

பங்குனி 17. ஞாயிறு.

வெடிப்பில் மணல் கொட்டியாயிற்று. புழுதிதான் அடங்கவில்லை. பிள்ளைகள் ஆடிப் பார்த்தார்கள். பந்து எங்கே, ஆள் எங்கே, ஒன்றும் தெரியவில்லை, இருமல் சத்தம்தான் கேட்டது. தண்ணீர் தெளித்தால் அரை மணியில் பழையபடி.

அர்த்தநாரிக்கு யோசனை வந்தது. பாவுக்குப் போடும் கஞ்சி. நூல் இல்லாமல் பாதித் தறி நின்றுவிட்டதால் வீட்டுக்கு வீடு பழைய கஞ்சி பானையில் புளித்துக் கிடக்கிறது. ஆடுகூட வாய் வைக்காது.

“நூலையே விறைப்பா நிக்க வெக்கிற கஞ்சி, மண்ணை நிக்க வெக்காதா அக்கா?”

எங்கள் ஊரில் இதைக் கேட்டு யாராவது வேண்டாம் என்பார்களா? பானை பானையாகச் சுமந்தோம். பாவு நீவும் பெரிய நார்ப் புருசால் சின்னுசாமி தரையை நீவினான், நூலுக்கு நீவுகிற மாதிரியே, ஒரே பக்கமாக. பின்னாலேயே நான் சிம்பும் துரும்பும் பொறுக்கினேன், பாவில் பொறுக்குகிற மாதிரி. யாரும் சொல்லவில்லை, கை தானாகப் போனது.

வெயிலில் காய்ந்ததும் தட்டிப் பார்த்தோம். பலகை. பந்து எகிறியது, பாவடியில் எகிறுகிற மாதிரி. மாரிமுத்து குதித்துப் பிடித்து விழுந்தான், புழுதியே எழவில்லை.

“அப்பத்தா, பாத்தீங்களா?”

பார்த்தேன். இந்த மாதத்தில் வயிறு நிறைந்தது இன்று ஒரு நாள்தான். அர்த்தநாரியின் தலையை எண்ணெய் தேய்க்கிற மாதிரி தடவிக் கொடுத்தேன். நரைத்துவிட்டது.

பங்குனி 23. சனி. பாலமலைப் பக்கம் மேகம்.

ரேஷன் கடை வரிசையில் காதில் விழுந்தவை:

“ஏரிக்குள்ளயா? மேட்டூர்க்காரன் வந்து மீன் புடிச்சுட்டுப் போவான்.”

“பாவடி போச்சு, டீமு போச்சு, இனி பேரு எதுக்குங்க?”

கந்தப்பர் சம்சாரம், என்னைப் பார்க்காத மாதிரி, எனக்குக் கேட்கிற மாதிரி: “கிழவிக்கு ஏரிக்குள்ள என்ன வேலையோ.”

வரிசையிலிருந்தே சொன்னேன். “உங்க ஆடு என்ற வாசலுக்கு வந்துச்சுங்க. நான் ஏரிக்குப் போறேன். சரியாப் போச்சு.”

அரிசி கிடைக்கவில்லை. சோளம்.

மேகம் கலையவில்லை. வாசல் பக்கம் போகாமல் இருந்தேன்.

பங்குனி 24. ஞாயிறு.

விடிவதற்கு முன் தூறல். பெரிய மழை இல்லை. தெரு மண்கூட நனைந்த மாதிரி இல்லை. அது போதுமாக இருந்தது.

தார்க்கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு போனேன். பெண்பிள்ளை நான் ஒருத்திதான். நல்லம்மாள் வரவில்லை. பாவடியில் கூடுகிற கூட்டத்தில் காலே அரைக்கால்கூட இல்லை. கந்தப்பர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். எதைப் பார்க்க?

கரை ஏறும்போதே வாசம் வந்துவிட்டது. கஞ்சி ஊறிப் பிசுபிசுத்துத் தரையெல்லாம் கொழகொழப்பு. விடியலிலேயே மாடுகள் வந்து நக்கிவிட்டுப் போயிருக்கின்றன, நடுவில் வட்டம் வட்டமாகக் குழி. மேட்டூர்ப் பிள்ளைகள் மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள்.

“என்னங்க, மைதானத்தை ஊறப் போட்டிருக்கீங்க? இட்லி ஊத்தலாம் போலிருக்கே!”

ரெப்ரியும் சிரித்துவிட்டார். அர்த்தநாரியின் கழுத்து சிவந்தது.

ஆனாலும் ஆடினார்கள். ஆடினார்கள் என்பதை எழுதி வைக்கிறேன், நாளைக்கு எவனும் இல்லை என்று சொல்லக்கூடாது. முதல் பாதியில் கோல் போட்டது நம் டீம். மதகுச் சரிவில் பந்து தானாக உருண்டது, நம் பையன் கூடவே சறுக்கிப் போய் உள்ளே தள்ளினான். கத்தினேன். தார்க்கூடை கவிழ்ந்தது.

ஆப்டைமுக்குப் பிறகு கால் நிற்கவில்லை. பூட்ஸ் பிடித்தது, பாதம் வழுக்கியது. ஆனால் மேட்டூர்ப் பையன் ஒருவன் மாட்டுக் குழியில் விழுந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அழுதான். விசில். ஆட்டம் நின்றது.

ரெப்ரி நல்ல மனிதர். அதையும் எழுதி வைக்கிறேன். அர்த்தநாரியை அழைத்துப் பொறுமையாகத்தான் கேட்டார். நான் கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் நின்றேன்.

“இது உங்க மைதானம்தானே? நல்லாக் காயட்டும். அடுத்த ஞாயிறு இங்கேயே மறுபடி ஆடிடலாம். உங்க மைதானம்னு நீங்க சொன்னாப் போதும். நான் எழுதிடறேன்.”

ஆமாங்க என்ற ஒரு சொல். அவ்வளவுதான் வேண்டியிருந்தது. மேட்டூர்ப் பிள்ளைகள் இன்னும் மூக்கைப் பொத்திச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தம்பி அவர்களைப் பார்த்தான். தரையைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை.

“இது எங்க மைதானம் இல்லீங்க,” என்றான். “எங்களுக்கு மைதானமே இல்லீங்க.”

“அடேய்!” என்றேன். எல்லாரும் திரும்பினார்கள். அவன் திரும்பவில்லை.

ரெப்ரிக்கும் சங்கடம். “மைதானமே இல்லேன்னா நான் என்னங்க பண்றது? மேட்டூர்தான்,” என்று சொல்லிவிட்டுப் போனார். மாரிமுத்து கோல்கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றான், கஞ்சி முகத்தோடு.

பங்குனி 25. திங்கள்.

தார் சுற்றவில்லை. கவிழ்ந்த தாரெல்லாம் கஞ்சி. ஊறப்போட்டேன்.

பங்குனி 30. சனி. வெயில்.

மேட்டூருக்கு யாரும் போகப் போவதில்லை. பேசக்கூட இல்லை. மாரிமுத்து பந்தின் காற்றைப் பிடுங்கிவிட்டு உத்தரத்தில் செருகிவிட்டான். கோல்கம்பம் இரண்டைச் சின்னுசாமி மாட்டுக்கொட்டகைக்குப் போட்டான்.

நேற்றுச் சாயங்காலம் பாவடியில் பட்டாளத்துக்காரர்கள் பந்து ஆடினார்கள். லாரிகளுக்கு நடுவில், சட்டையைக் கழற்றிவிட்டு. வேப்பவேரில் தடுக்கி ஒருவன் விழுந்தான். விழுவான் என்று எனக்கு முன்னமே தெரியும். வாசலுக்கு வாசல் பெண்கள் உட்கார்ந்திருந்தோம், ஒருத்தியும் நிமிரவில்லை. நான் ராட்டையைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டேன்.

நல்லம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். வராததற்குச் சமாதானம் சொன்னாள். சரி விடு என்றேன். விட்டுவிட்டேன்.

கந்தப்பர் எப்போதும் கந்தப்பர்தான். அவரிடம் நான் எதையும் எதிர்பார்க்கவில்லை, அதனால் கணக்கு நேராகிவிட்டது. மூக்கைப் பிடித்த பிள்ளைகள் சின்னப் பிள்ளைகள். மழை மழைதான். கஞ்சி எல்லாருடைய யோசனையும்தான், என் பானையும் அதில் இருந்தது.

தம்பி ஆறு நாளாக இந்தப் பக்கம் வரவில்லை. மத்தியானம் மாரிமுத்துவிடம் களியும் கீரையும் கொடுத்தனுப்பினேன். தின்றானாம். “அக்கா கோவமா இருக்குதா?” என்று கேட்டானாம்.

அம்மா செத்த பிறகு இடுப்பில் தூக்கி வளர்த்தது நான். சோறு எப்போதும் அனுப்புவேன். சாகும்போது என் தலைமாட்டில் உட்காரட்டும், வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அந்த வார்த்தையை, ஊர்க்காரன் முன்னால், வெளியூர்க்காரன் முன்னால் சொன்னவனை நான் மன்னிக்கப் போவதில்லை. அவன் பெயரையும் எழுதி வைக்கிறேன்.

அர்த்தநாரி.