தெருவுக்கு வந்த நீலத் தண்ணீர்

கார்த்திகை 8, திங்கள்.

பெருமழை பெய்தால், நான் வேலை செய்யும் தோல் பதனிடும் ஷெட்டின் கழிவுத் தொட்டியைத் திறந்துவிடுவது எங்கள் வழக்கம். வெள்ளத்தோடு வெள்ளமாகப் பாலாற்றுக்குப் போய்விடும். நேற்று திறந்தவன் நான்.

வருஷா வருஷம் மழை ஜாஸ்தியாகிறது, மனுஷன்தான் காரணம் என்று டீக்கடையில் பிரசங்கம் செய்கிறவனும் நான்தான். எந்த மனுஷன் என்று இதுவரை யாரும் கேட்டதில்லை.

இந்த முறை ஆறு வாங்கிக்கொள்ளவில்லை. தண்ணீர் எங்கள் தெருவுக்கே திரும்பிவிட்டது. மகள் அதில் நடந்துபோய்ப் பால் வாங்கி வந்தாள்.

"இன்னாப்பா, தண்ணி நீலமா இருக்குது? காலெல்லாம் அரிக்குது."

"வானம் தெரியுதும்மா."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். வானம் கறுத்துக் கிடந்தது.

சோப்புப் போட்டு அவள் காலைக் கழுவிவிட்டேன்.

"நாளைக்கும் மழையாம்ப்பா," என்றாள்.

நாளைக்கும் தொட்டி என் பொறுப்பு.