ஒவ்வாமை: இல்லை

மார்ச் 4
புதிய சிஸ்டம் வந்து மூன்று மாதம். ஆஸ்பத்திரிப் பதிவு கவுண்டரில் நான் ஒருத்தி, எதிரே நாற்பது பேர். எந்த மருந்து ஆகாது என்று கேட்கும் ‘ஒவ்வாமை’ கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது. நர்ஸின் பாஸ்வேர்டு போட்டால்தான் அதை நிரப்பவே முடியும். நர்ஸோ மேலே வார்டில். ஒவ்வொருவருக்கும் மாடிக்கு ஓடவா முடியும்? வார்டு சிஸ்டரே தன் பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டார். “எல்லாருக்கும் ‘இல்லை’ன்னு போட்டு அனுப்பு. நான் மேல கேட்டு மாத்திக்கிறேன்.” இப்படித்தான் வண்டி ஓடுகிறது. வரிசை சீக்கிரம் நகர்கிறதென்று கண்காணிப்பாளருக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.

மார்ச் 11
காலையில் காய்ச்சலோடு வந்த லாரி டிரைவர் மதியம் செத்துப்போனார். பென்சிலின் ஊசி. வார்டில் இன்னொருவருக்கு மூச்சுமுட்டியதால் சிஸ்டரால் கேட்டு மாற்ற முடியவில்லை. டாக்டர் திரையைப் பார்த்தார். ‘இல்லை’ என்றிருந்தது. எழுதிக் கொடுத்துவிட்டார்.

டிரைவரின் மனைவி காலையில் கவுண்டரிலேயே என்னிடம் சொன்னாள். “இவருக்கு பென்சிலின் ஆகாதுங்க.” நான் தலையை ஆட்டிக்கொண்டே ‘இல்லை’யை அழுத்தினேன். விரல் பழகிவிட்டது. ஒரு துண்டுச்சீட்டிலாவது — ஏன்டி எழுதல? எழுதினா என்ன, கை தேஞ்சா போயிடும்?

மார்ச் 12
தூங்கவில்லை.

மார்ச் 14
சிஸ்டரை சஸ்பெண்ட் செய்துவிட்டார்கள். பதிவில் இருப்பது அவர் பெயர்தானே. “சிஸ்டம் பொய் சொல்லாதும்மா” என்றாராம் கண்காணிப்பாளர். சிஸ்டர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. போன் செய்தேன்.

“உன்ன இழுத்தா பாஸ்வேர்டு குடுத்ததும் வெளிய வரும். சஸ்பெண்ட் போய் லைசென்ஸே போயிடும். பேசாம இரு.”

வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். “வேலில போற ஓணானை எடுத்து மடியில விட்டுக்காத.” எனக்கு நிம்மதியாக இருந்தது. வெட்கங்கெட்ட நிம்மதி.

மார்ச் 19
டிரைவரின் மனைவி கவுண்டருக்கு வந்தாள், பிரிண்ட் எடுத்த கோப்போடு.

“நான் சொல்லவே இல்லைன்னு இதுல இருக்காம். மாமியாரு, பிள்ளைங்க எல்லாம் என்னையே ஒரு மாதிரி பாக்குறாங்க. எனக்கே சந்தேகமா இருக்குங்க. உங்ககிட்ட சொன்னேன்ல?”

வரிசை முழுக்க எங்களைப் பார்த்தது. “சரியா ஞாபகம் இல்லம்மா” என்றேன்.

பாவி. நானெல்லாம் ஒரு மனுஷி.

மார்ச் 20
திருத்திவிடலாம் என்று கோப்பைத் திறந்தேன். இறந்தவரின் பதிவைப் பூட்டிவிடுவார்களாம். யார் பாஸ்வேர்டுக்கும் அசையவில்லை. சொன்னால் சிஸ்டர் பிழைப்பு போகும். சொல்லாவிட்டால் புருஷனைக் கொன்றவள் என்ற பெயரோடு அந்தப் பெண் காலம் தள்ள வேண்டும். என்ன செய்ய?

மார்ச் 23
பஸ் பிடித்து அவள் வீட்டுக்குப் போனேன். மாமியார், இரண்டு பிள்ளைகள், அவள். அந்தப் பிரிண்ட் காகிதத்தைக் கேட்டு வாங்கி, ‘இல்லை’யைப் பேனாவால் அடித்தேன். “மனைவி சொன்னார். கேட்டும் பதியாதது நான்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

அவள் அழவுமில்லை, என்னைத் திட்டவுமில்லை. காகிதத்தை மாமியார் மடியில் வைத்தாள்.

“படிங்க அத்தை. சத்தமா படிங்க.”

ஏப்ரல் 9
அந்தக் காகிதம் கண்காணிப்பாளர் மேஜைக்குப் போய்ச் சேர்ந்தது. எனக்கு வேலை போயிற்று. சிஸ்டருக்கு லைசென்ஸ். பதினைந்து நாளாக எடுக்காதவர் இன்று போனை எடுத்தார்.

“நீ பண்ணது சரிதான்” என்றார். “எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் பண்ணிருக்கலாம்.”

அவரே வைத்துவிட்டார்.