மூக்கில் அடிக்கும் மருந்து

மார்ச் 4
என் மகள் மாரென் தூங்கிவிட்டாள். இப்போதுதான் எழுத உட்கார்ந்தேன்.

நான் வேலை செய்யும் நூலகத்தின் கழிப்பறையில், அங்கே அடிக்கடி வரும் டெல்பர்ட் விழுந்து கிடந்தான். உதடு நீலம், மூச்சில்லை. போதை அளவு மீறிவிட்டது. கூட வந்தவன் போலீசுக்குப் பயந்து ஓடிவிட்டான். என் பையில், டயப்பருக்கு அடியில், எதற்கும் இருக்கட்டும் என்று வாங்கி வைத்த, போதையை முறிக்கும் மருந்து இருந்தது. மூக்கில் அடித்தேன்.

என்னோடு வேலை செய்யும் லோர்னா கதவோரம் நின்று கத்தினாள்: "தொடாதடி! ஆம்புலன்ஸ் வரட்டும். செத்துட்டா உன் மேலதான் கேஸ்!"

டெல்பர்ட் கண்விழித்தான். நன்றி சொல்வானாக்கும்? "யாரு கேட்டா உன்ன? இருந்த போதையும் போச்சு!"

"போனா போகுது. உக்காருடா."

மருந்தின் வேகம் குறைந்தால் மறுபடி மூச்சு நிற்கும். ஆம்புலன்ஸ் வரும்வரை அவன் சட்டையை விடவில்லை.

மார்ச் 5
கணவன் வேட் சாப்பிடாமலே கத்தினான். "ஊர் வம்பு உனக்கெதுக்கு? கேஸ் போட்டா புருஷனும் சேர்ந்துதான் கோர்ட்டுக்கு அலையணும்!"

சட்டத்தைத் தேடிப் படித்தேன். நல்லெண்ணத்தோடு மருந்து கொடுத்தவர் மேல் வழக்குப் போட முடியாது. அச்செடுத்து ஃபிரிட்ஜில் ஒட்டினேன். பீர் எடுக்கும்போதெல்லாம் படிக்கட்டும்.

ஆனாலும் பயம். எழுந்து எழுந்து மாரென் மூச்சு விடுகிறாளா என்று பார்க்கிறேன்.

மார்ச் 11
நூலகத் தலைவி ஹோல்காம்ப் கூப்பிட்டார். "ஊழியர் யாரும் மருந்து குடுக்கக்கூடாதுன்னு இங்க விதி இருக்கு, தெரியும்ல?"

"தெரியும் மேடம். சட்டமும் தெரியும்."

"சட்டம் உன்ன கோர்ட்லேருந்து காப்பாத்தும்மா. இந்த வேலைய காப்பாத்தாது."

இது எனக்குத் தோன்றவே இல்லை. இனி செய்ய மாட்டேன் என்று நிர்வாகக் குழு முன்னால் சொன்னால் விட்டுவிடுவார்களாம்.

மார்ச் 12
மாரெனின் ஆஸ்துமா வைத்தியம் என் வேலையின் காப்பீட்டில்தான் நடக்கிறது. சொல்லித் தொலைத்தால் என்ன?

மார்ச் 18
"ஒரு வார்த்தை சொல்லும்மா, எல்லாரும் வீட்டுக்குப் போலாம்," என்றார் குழுத் தலைவர்.

சொல்லத்தான் எழுந்தேன். வந்ததோ வேறு. "செய்வேன். நாளைக்கே ஒருத்தர் விழுந்தாலும் செய்வேன். உங்க பிள்ளை விழுந்தாலும்!"

என்ன திமிர் எனக்கு! பின்வரிசையில் நாற்காலி நகர்ந்தது. லோர்னா. "நானும் செய்வேன். எனக்கு அடிக்கத் தெரியாது. கத்துக்கிட்டு செய்வேன்."

முடிவு தள்ளிவைக்கப்பட்டது.

மார்ச் 26
என்னை நீக்கவில்லை. விதியையும் நீக்கவில்லை. 'யோசிக்கிறார்களாம்'. யோசிக்கட்டும்.

நூலகம் பூட்டியபின் லோர்னாவுக்கும் இன்னும் சிலருக்கும் சொல்லிக்கொடுத்தேன். மாரெனின் பொம்மைதான் நோயாளி. பாதியில் ஹோல்காம்ப் உள்ளே வந்தார். எல்லோரும் உறைந்துவிட்டோம். அவர் கதவைச் சாத்திவிட்டு, கோட்டைக் கழற்றாமலே ஓரமாக உட்கார்ந்தார்.

"நான் இங்க வரவே இல்ல," என்றார். பிறகு, "எந்தப் பக்க மூக்குல அடிக்கணும்?"