தானாகத் தூளான கல்

நேற்று மாலை உன் கல்லறைக்குச் சீமெந்து பூசினார்கள். மேசன் சாந்தின்மேல் தண்ணீர் தெளித்தபோது எழுந்த அந்தப் பச்சைச் சீமெந்தின் வாசனை எனக்கு ஒரு பழைய கல்லை நினைவூட்டியது. உன் மகள் அருகில் வந்து, "அன்ரி, முப்பத்தோராம் நாள் நினைவு மலருக்கு அம்மாவைப் பற்றி நீங்கள்தான் எழுதோணும். உங்களை மாதிரி ஆர் எழுதுவினம்?" என்றாள். அவள் எதிர்பார்ப்பது நாலு நல்ல வார்த்தை. நான் எழுத வேண்டியதோ உனக்குக் கொடுத்து நிறைவேற்றாத ஒரு வாக்கு.

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். மீதியை இரவல் புத்தகங்களிலிருந்து நானாகவே கற்றேன். அதை மறைத்ததுமில்லை, அதற்காக நாணியதுமில்லை. நீ என்னைப் 'பண்டிதை' என்று அழைப்பாய். அது கேலியா மரியாதையா என்று நான் கேட்டதில்லை. கேட்டிருந்தால், "ரெண்டும்தான் எடி" என்றிருப்பாய்.

இடம்பெயர்வு முடிந்து நம் ஊரான இலுப்பைக்கடவைக்குத் திரும்பி, எழும்பிய வீடுகளுக்கெல்லாம் நாம் வெள்ளையடித்த காலம் உனக்கு நினைவிருக்கும். உன் கணவர் அப்போது கரையோரச் சுண்ணாம்புச் சூளையில் வேலை செய்தார். ஒருமுறை கச்சான் காற்று மூன்று நாள் விடாமல் வீச, சூளை அளவுக்கு மீறி எரிந்தது. அடியில் கிடந்த மணலும் மேலிருந்த சிப்பிச் சுண்ணாம்பும் ஒன்றாய் இறுகிக் கட்டியாகிவிட்டன. கழிவென்று அவர்கள் எறிந்த அந்தக் கட்டிகளில் ஒன்றை, அவருக்குச் சோறு கொண்டுபோன நீ சேலைத் தலைப்பில் முடிந்து என்னிடம் கொண்டுவந்தாய்.

"இந்தா பிடி. மற்றப் பெட்டையளுக்கு நகை, உனக்குக் கல்லு. ஆறட்டும் எண்டு இருந்து எடுத்தனான்."

சாம்பல் நிறம், உள்ளங்கை அளவு, கண்ணாடித் துண்டில் இழுத்தால் கீறல் விழுந்தது. அதன் பெயர் அன்று எனக்குத் தெரியாது. ஆயினும் அது சாதாரணக் கல்லன்று என்று மட்டும் உறுதியாக நம்பினேன்.

அடுத்த வாரம் பாடசாலையில் கண்காட்சி. சான்றிதழ் ஏதுமற்ற எனக்கு அதிபர் ஒரு மேசை தந்திருந்தார். நான் சேர்த்த கற்களை வரிசையாக வைத்து, நடுவில் உன் கல்லை வைத்து, அழகிய எழுத்தில் ஒரு அட்டை எழுதினேன். 'சேகரித்தவர்' என்று அதில் என் பெயர் இருந்தது. நீ எட்டிப் பார்த்தாய்.

"என்ர பேர் எங்க?"

"நீ எடுத்துத் தந்தாய். ஆராய்ந்தது நான்."

"ஓமோம். கல்லுத் தூக்கினவளுக்குப் பேரில்லை. பொன்னாடையெல்லாம் பண்டிதைக்குத்தான்." சிரித்துக்கொண்டே சொன்னாய். ஆனால் அன்று வழமைபோல் எனக்காகக் காத்திருக்காமல், தனியாகவே வீட்டுக்கு நடந்தாய்.

நீ போனபின் நான் ஒன்று செய்தேன். புதிதாய் உடைந்த முகம் இருந்தால் பார்ப்பவர்க்கு மினுக்கம் தெரியுமென்று, சிறிய சுத்தியலால் கல்லின் ஓரத்தில் ஒரேயொரு தட்டுத் தட்டினேன். சில்லு தெறிக்கவில்லை. அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை நான் மண்டபத்துக்குள் நுழைந்தபோது அட்டைக்குப் பின்னால் கல் இல்லை. கோதுமை மாவைப் போல் ஒரு குவியல் தூள் கிடந்தது. மண்டபத்தைக் கூட்டும் பொறுப்பு உனக்கு; கதவுத் திறப்புகளில் ஒன்று உன்னிடம், அன்று முதலில் வந்தவளும் நீ. மேசையிலிருந்து சிந்திய தூளை நீ முழந்தாளிட்டுக் கையால் ஒதுக்கிக்கொண்டிருந்தாய். உன் விரல்கள் வெளுத்திருந்தன. எனக்கு அவ்வளவும் போதுமாயிருந்தது.

"பேர் போடேல்லை எண்டு நொறுக்கிப் போட்டாய், என்ன?"

ஆசிரியைகளும் தாய்மாரும் திரும்பிப் பார்த்தார்கள். நீ முழந்தாளிலிருந்து எழும்பவே இல்லை. "மாதா அறியச் சொல்லுறன், நான் கை வைக்கேல்லை. வரேக்க இப்பிடித்தான் கிடந்தது."

"கல்லுத் தானா நொறுங்குமோ?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்குத் துணையாய் நானும் சிரித்தேன். பிறகு அந்தத் தூளை முழுவதும் அள்ளி வெளியே கொட்டினேன்.

அந்த வாசகம் ஊரில் நிலைத்தது. கரையோர மீன் வாடியில் உன் கைதவறி ஒரு சட்டி விழுந்தால், "தானா நொறுங்கினதோ அக்கா?" என்பார்கள். உன் மகளின் சிலேற் உடைந்தபோது வகுப்பே அப்படிக் கேட்டதாம். நீ என்னோடு கதைப்பதை நிறுத்தினாய். ஆனால் அந்த மாரிக்காலத்தில் நான் காய்ச்சலில் கிடந்தபோது, உன் மகள் ஒரு சட்டி மீன்சொதியோடு வந்து நின்றாள். "புத்தகம் சமைச்சுத் தராது எண்டு அம்மா சொல்லச் சொன்னா" என்றாள். நான் சொதியைக் குடித்தேன். நன்றி சொல்லி அனுப்பவில்லை. அவ்வளவு கர்வம் எனக்கு.

ஆண்டுகள் கழிந்து, இவ்வாண்டு மாசியில், மன்னார் நகரிலிருந்து இரவல் வந்த கனியவியல் நூலொன்றில் ஒரு பக்கத்தைப் படித்தேன். சுண்ணாம்பும் மணற்சத்தும் மிகுந்த வெப்பத்தில் சேர்ந்து பிறக்கும் ஒரு கல்சியம் சிலிக்கேற்று, பெயர் லார்னைற்று. இயற்கையில் மிக அரிது. அயர்லாந்தின் குன்றொன்றில், உருகிய பாறை வெண்சுண்ணக்கல்லைத் தொட்ட ஒடுங்கிய விளிம்பில் அதைக் கண்டெடுத்தார்களாம். சாக்கடலருகே ஒரு பாலைநிலத்திலும் உண்டாம். சீமெந்தினுள் சூளைக்காரர் இதே பொருளை வேண்டுமென்றே உண்டாக்குகிறார்கள். தண்ணீர் பட்டு மாதக்கணக்கில் மெல்ல மெல்ல இறுகுவது அதுவே. ஆனால் தனித்துக் கிடந்து ஆறும்போது அதன் உள்ளமைப்பு மாறிவிடக்கூடும். சேர்மானம் அதுவே, அது கேட்கும் இடம் மட்டும் கூடிவிடுகிறது. இடம் போதாமல் கல் தன்னைத்தானே பிளந்துகொண்டு தூளாகிறது. சில கட்டிகள் உள்ளிருக்கும் அழுக்கின் பிடியில் சிலகாலம் தாங்கி நிற்கும். அவற்றுக்கு ஒரு சிறு அடி போதும்.

ஒரு சிறு அடி. நான் நூலை மூடிவிட்டேன்.

அந்தத் தூளை எந்த ஆய்வுகூடமும் பார்த்ததில்லை. அள்ளிக் கொட்டியவள் நானே. ஆதலால் அது லார்னைற்றுத்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் நீ உடைக்கவில்லை என்பதற்குச் சத்தியம் செய்வேன்.

அன்றே உன் வீட்டுக்கு வந்தேன். நீ முற்றத்தில் குந்தியிருந்து பாரை மீன் வெட்டிக்கொண்டிருந்தாய். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: வெப்பம், உள்ளமைப்பு, சுத்தியல். நீ கத்தியைக் கீழே வைக்காமல் கேட்டாய்.

"அப்ப புத்தகத்தில போட்டிருக்கு."

"ஓம்."

"கல்லுப் பொய் சொல்லாது எண்டு நம்பிறாய். நான் மாதா மேல சொன்னன், அதை நம்பேல்லை."

நீ கத்தியை வைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு எழுந்தாய். "சரி, கதிரையில இரு. தேத்தண்ணி குடி. ஆனா எனக்கு மட்டும் சொன்னாக் காணாது. சனத்துக்கு முன்னால ஏசினனீ. சனத்துக்கு முன்னால சொல்லு."

மாதா கோயில் திருநாளன்று பூசை முடிந்தபின் சொல்வதாக வாக்களித்தேன். நாலு பக்கம் எழுதி, முதலில் உனக்குப் படித்துக் காட்டினேன். நீ மூன்றாம் பக்கத்திலேயே சிரிக்கத் தொடங்கிவிட்டாய். "எடி பண்டிதை, இதைக் கேட்டா நீ பிழை விட்டியோ நான் பிழை விட்டனோ எண்டு சாமியாருக்கே விளங்காது. எனக்கு விளங்கிற மாதிரி ரெண்டு வசனம் போதும்."

நான் அவமானப்பட்டேன். திருத்தி எழுதுகிறேன் என்றேன். திருநாள் வந்தது, இன்னும் திருத்தவேண்டும் என்றேன். நீ அவசரப்படுத்தவில்லை. மாலைகளில் என் வாசலில் வந்திருந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு, "முடிஞ்சுதோ காவியம்?" என்று கேட்பாய். அந்த மாதங்களில் நாம் ஒருவருக்கொருவர் மறுபடி கிடைத்தோம். அதை நான் என்றும் நன்றியோடு நினைப்பேன். ஆனால் ஒரு விடியற்காலை நெஞ்சு வலிக்கிறதென்று நீ சொல்லி, வாகனம் வருமுன் போய்விட்டாய். அந்த நாலு பக்கமும் என் அலுமாரியில் கிடந்தன. நேற்று அவற்றைக் கிழித்துப் போட்டேன்.

இந்த மடலை மலரில் அச்சிடட்டும். வாசிப்பவர்கள் வாசிக்கட்டும். ஆனால் நீ கேட்டது எழுத்தையன்று. முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து எல்லோரும் சாப்பாட்டுக்கு இருக்குமுன், நான் எழுந்து நிற்பேன். கண்காட்சியில் அன்று சிரித்தவர்களில் பலர் அங்கே இருப்பார்கள். கையில் தாள் இருக்காது. உனக்கு விளங்குகிற மாதிரியே சொல்வேன்:

"அவள் உடைக்கேல்லை. நான்தான் பிழை."