ஊசி ஆகாது

மார்ச் 3, செவ்வாய்

கடைவாய்ப் பல் மறுபடி உயிரை வாங்குகிறது. கடையில் ஒருவருக்கு மூக்குக்கண்ணாடியின் காலை வளைத்துச் சரிசெய்யும்போது என் கண்ணில் நீர் கொட்டியது. “அவ்வளவு மோசமாவா இருக்கேன்?” என்றார் அவர்.

மார்ச் 5

பல் தாடையெலும்புக்குள் படுத்துக் கிடக்கிறதாம். அறுத்துத்தான் எடுக்க வேண்டுமாம். வழக்கம்போல் அப்பா எழுதிக் கொடுத்த அட்டையைப் பல் டாக்டரம்மாவிடம் நீட்டினேன். சிவப்பு மையில், ‘என் மகளுக்கு மரத்துப்போகும் ஊசி ஆகாது.’

“ஊசி இல்லாம இதை எடுக்க முடியாதும்மா. விட்டா சீழ் பரவிடும். ஆகாதுன்னு யார் சொன்னா?”

“அப்பா.”

“டாக்டரா?”

“பஸ் டிரைவர்.”

அவர் சிரிக்கவில்லை. ஒவ்வாமைப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

மார்ச் 6

ஒன்பது வயதில் அந்த ஊசி போட்டதும் நெஞ்சு படபடத்து, கண் இருட்டி விழுந்தேன். அதற்கப்புறம் எந்தப் பல்லுக்கும் ஊசி கிடையாது. பச்சை வலிதான். அப்பா பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து கட்டைவிரலைக் கொடுப்பார். “வாயாடி, நீ நசுக்கு. உனக்கும் சேத்து நான் கத்துறேன்.” நிஜமாகவே கத்துவார். வெளியே காத்திருப்பவர்கள் எழுந்து போய்விடுவார்கள். வலியிலும் சிரிப்பு வந்து எச்சில் ஒழுகும். பெரியவளான பிறகும் கூட வந்தார். அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது.

மார்ச் 10

நாளைக்குப் பரிசோதனை. பயமா இருக்கு. அப்பா இருந்தா விட்டிருக்கவே மாட்டார்.

மார்ச் 11

முன்கையில் துளி மருந்து, காத்திருப்பு, இன்னும் கொஞ்சம், மறுபடி காத்திருப்பு. ஒரு தடிப்பு இல்லை, அரிப்பு இல்லை. “இந்த மருந்து உங்களுக்கு ஒத்துக்குது. சின்ன வயசுல மயங்கி விழுந்த அன்னைக்கு வெறும் வயித்தோட போனீங்களா?” என்று கேட்டார்கள். எனக்கெங்கே நினைவிருக்கிறது?

அண்ணனுக்குப் போன் போட்டேன்.

“பல் புடுங்கப் போறப்ப சாப்பிடக் கூடாதுன்னு அப்பாதான் பட்டினி போட்டார். முந்தின நாள்லேருந்து. எனக்கே இப்பதான் உறைக்குது.”

அந்த ஒன்பது வயசிலேருந்து நாற்பத்திரண்டு வருஷம். எத்தனை பல், எத்தனை வலி — எல்லாம் ஒரு நாள் பட்டினிக்காகவா? கோபம் கோபமாக வந்தது. ஆனால் யாரிடம் காட்டுவது? அவர் விரலும்தானே நசுங்கியது. சாயங்காலம் வரைகூட அந்தக் கோபம் நிற்கவில்லை.

மார்ச் 16

வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் போனேன். ஊசி போட்டார்கள், பல்லை எடுத்தார்கள். துளி வலி இல்லை. ஆனால் என் இடது கை நாற்காலிக்கு வெளியே துழாவிக்கொண்டே இருந்திருக்கிறது. “வலிக்குதாம்மா?” என்றார் நர்ஸ். இல்லையென்று தலையாட்டினேன். “அப்புறம் என்ன தேடுறீங்க?”

வீட்டுக்கு வந்ததும் அண்ணனுக்குப் போன். அப்பாவைப் பற்றித்தான் பேச நினைத்தேன். உதடு மரத்துக் கிடந்தது. ‘அப்பா’வில் ‘ப்’ ஒட்டவே இல்லை. வெறும் காற்றுதான் வந்தது.

“என்ன சொல்ற? புரியல.”

மறுபடி சொன்னேன். மறுபடி காற்று. மூன்றாவது தடவை அழுதுவிட்டேன்.

அவனுக்குப் புரிந்துவிட்டது. “இரு வாயாடி,” என்றான். “உனக்கும் சேத்து நான் கத்துறேன்.”

கத்தினான்.