கிரேன் கூண்டில் ஒரு முகம்

மார்ச் 4
சலவைக் கடையில் இன்று திரைச்சீலைகள்தான் அதிகம். மடித்தேன், வந்தேன்.

மகன் பேச்சை நிறுத்தி ஒரு வருடம் ஆகப்போகிறது. அவன் அப்பா இறந்த சில வாரத்தில், "இந்த வீட்ல மூச்சு முட்டுது" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனான். அப்பா சாவுக்கு ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத பிள்ளை. எனக்கு அது ஆறவே இல்லை. நானும் அழவில்லை என்பது வேறு விஷயம்.

அவன் ஓட்டும் கிரேன் சமையலறை ஜன்னலில் தெரியும். காலையில் அது அசைந்தால், சரி, பிள்ளை எழுந்து வேலைக்குப் போய்விட்டான் என்று பாத்திரம் தேய்க்கப் போவேன். முகம் மட்டும் தெரிவதில்லை. அதை ஒரு தடவை பார்க்க வேண்டும்.

மார்ச் 6
கேமரா வாங்கப்போகிறேன் என்றேன் அக்காவிடம்.

"போன்லயே இருக்கேடி."

போனில் இழுத்துப் பார்த்தாயிற்று. அவன் உட்காரும் கூண்டு கொசு அளவுக்குத்தான் வருகிறது.

"பொடிநடையா போனா நேர்லயே பார்த்துட்டு வந்துடலாம். வீம்புல உன்னை அடிச்சுக்க ஆள் கிடையாது."

போக மாட்டேன். போனவன் அவன்.

மார்ச் 9
கேமராக் கடை. பெட்டியில் பெரிய எண் போட்டிருந்ததைக் கேட்டேன். விற்கிற பெண் சிரித்தாள். "அந்த நம்பரை நம்பாதீங்கம்மா. லென்ஸ் நிஜமா கிட்ட கொண்டுவர்றது வேற. மத்ததெல்லாம் படத்தை வெட்டிப் பெருசாக்கறதுதான், முகமெல்லாம் கட்டம் கட்டமா ஆயிடும்."

கழுத்தை ஒடிக்கிற மாதிரி ஒன்றைக் காட்டினாள். எனக்கு எதற்கு அவ்வளவு? கைப்பையில் அடங்குவதாக, லென்ஸ் மட்டும் நீளமாக வெளியே வருவதாக ஒன்றை எடுத்தேன். கைநடுக்கத்தையும் அதுவே சமாளிக்குமாம்.

"எதை எடுக்கப்போறீங்க?"

"பறவை."

"என்ன பறவை?"

"உசரத்துல உட்கார்ந்திருக்கும். கூப்பிட்டா வராது."

மார்ச் 10
எல்லாப் படமும் கலங்கல். சமாளிக்குமாம், கிழித்தது.

மார்ச் 12
ஜன்னல் விளிம்பில் சர்க்கரைப் பையை வைத்து அதன்மேல் கேமராவை வைக்கச் சொன்னாள் அக்கா. நல்ல யோசனைதான், ஆனால் மழை. வானமும் கிரேனும் ஒரே சாம்பல்.

மார்ச் 15
வெயில். படம் பளிச்சென்று விழுந்தது.

கூண்டில் இருப்பது ஒரு பெண். முடியை உச்சியில் கட்டி, எதையோ மென்றுகொண்டு. யாரோ பெற்ற பெண்.

இத்தனை நாளும் இவள் வேலைக்கு வந்ததற்கா நான் நிம்மதியானேன்?

அவன் எங்கே?

வீம்பை விட்டு போன் போட்டேன். எடுக்கவில்லை. பாத்திரம் தேய்த்தேன். பயம்கூட வரவில்லை, கல் மாதிரி இருக்கிறேன். என்ன ஜென்மமோ.

மார்ச் 16
கிரேன் அசைந்தது. எனக்கென்ன.

மார்ச் 17
போனேன். வாசல் காவலாளியிடம் படத்தைக் காட்டி, இந்தக் கூண்டில் முன்பு இருந்த பையன் எங்கே என்றேன்.

"நீங்க எந்தப் பத்திரிகைம்மா?"

"அவனைப் பெத்தவ."

உடனே என் தலையில் ஒரு ஹெல்மெட்டைக் கவிழ்த்தார். அது இல்லாமல் உள்ளே விடக்கூடாதாம். "அவர் கீழ எறங்கி ரொம்ப நாளாச்சும்மா. மேல போனா கண்ணை இருட்டுதுன்னு சொல்லிட்டாரு. அதோ, கிரேனுக்குக் கை காட்டிட்டு நிக்கறாரு பாருங்க."

சுற்றுச்சுவருக்குப் பின்னால், தரையில் நின்றான். நான் அண்ணாந்தே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

வந்தான். பாதியாக இளைத்திருக்கிறான். போனை வேலை நேரத்தில் வாங்கி வைத்துவிடுவார்களாம். ராத்திரி என் பெயரைப் பார்த்தானாம், பயந்துபோய் வைத்துவிட்டானாம்.

"என்னடா, கண்ணை இருட்டுதாமே?"

"அப்பா போனதுலேர்ந்தும்மா. மேல தனியா உட்கார முடியல. அழுகையும் வரல. எதுவுமே வரல. நீ என்னைக் கல்லுன்னு நெனச்சிருப்ப."

"நானும் அப்படித்தான்டா இருக்கேன்."

அவ்வளவுதான் சொன்னேன். ஹெல்மெட் கண்ணை மறைக்க, லாரிகளுக்கு நடுவில் நின்று ஓவென்று அழுதேன். அவனும்தான். காவலாளி பாவம், தண்ணீர் எடுக்க ஓடினார்.

மார்ச் 22
அவனுக்கு லீவு. பகல் சாப்பாட்டுக்கு வந்தவன் கூடத்திலேயே தூங்கிவிட்டான். குறட்டையில் அப்பனை அப்படியே உரித்து வைத்திருக்கிறான். இருபத்தாறு வருடம் அந்தச் சத்தத்தைத் திட்டினேன். இன்று டிவியை அணைத்துவிட்டு உட்கார்ந்து கேட்டேன்.